ஆரணியை மையமாக வைத்து மூன்று நாள் கார்ப் பயணம்

தமிழ்நாட்டின் வட பகுதியான பழைய தொண்டை மண்டலத்தைச் சொந்த வண்டியில், வழிகாட்டி இல்லாமல் சுற்றிப் பார்க்க ஆரணி பொருத்தமான தங்குமிடம். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இந்தப் பட்டு நெசவு ஊரிலிருந்து வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். திருவண்ணாமலையும் செஞ்சியும் ஏறக்குறைய 60. காஞ்சிபுரம் ஏறக்குறைய 65. தூரம் குறைவு என்பதால் ஒரே நாளில் நான்கைந்து இடங்களைப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கோயில் நடை நண்பகலில் சாத்தப்படும். தறியைப் பகலில்தான் பார்க்க முடியும். மலைப்பாதையிலிருந்து இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். கிலோமீட்டரைக் கணக்கிடாமல் நேரத்தைக் கணக்கிட்டால்தான் இங்கே பயணம் நிறைவாக அமையும்.

ஏற்ற காலம்

ஜனவரியும் பிப்ரவரியும் மிக உகந்தவை. ஏப்ரல், மே மாதங்களில் வேலூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிராமச் சாலைகளின் தரைப்பாலங்கள் மீது தண்ணீர் ஓடுவதுண்டு. எவ்வளவு மெல்லிய ஓட்டமாகத் தெரிந்தாலும் அதில் வண்டியை இறக்கக் கூடாது. மழைக்காலத்தில் நெசவும் தொய்வடையும். தெருவில் பாவு (தறிக்கான நீள இழை) ஓட வெயில் வேண்டும்.

நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கத்தையும் பார்ப்பது நல்லது. பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தன்றும் திருவண்ணாமலைக்குள் கார் நுழைவது கடினம். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு வர வேண்டியிருக்கும். ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் பெருகும்.

ஆவணமும் வண்டியும்

ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகிய நான்கும் கைவசம் இருக்க வேண்டும். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள பிரதிகளும் செல்லும். வாடகைக்குக் கார் எடுத்துத் தாமே ஓட்டுவோர் எண் பலகையைக் கவனிக்க வேண்டும். சட்டப்படி வாடகைக்கு விடப்படும் காரில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது காப்பீடு கிடைப்பது சிக்கலாகும். வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்கள் அந்த நாட்டிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற்று வருவது அவசியம்.

மூன்று நாள் வழி

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்தால் நெமிலி, சென்னசமுத்திரம் ஆகிய சுங்கச் சாவடிகளைக் கடக்க வேண்டும். பாஸ்டேகில் பணம் இருப்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவிடலாம். ஆற்காட்டில் தெற்கே திரும்பினால் விழுப்புரம் செல்லும் மாநில நெடுஞ்சாலை ஆரணிக்குக் கொண்டுசேர்க்கும். காஞ்சிபுரம், செய்யாறு வழியாக வருவோர், சம்பந்தர் ஆண் பனையைப் பெண் பனையாக்கியதாகச் சொல்லப்படும் திருவத்திபுரம் வேதபுரீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம். முதல் நாளின் பிற்பகலை ஆரணித் தறிகளுக்கு ஒதுக்கலாம்.

இரண்டாம் நாள் போளூர்ச் சாலை. வடமாதிமங்கலம் அருகே உள்ள திருமலையில், ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவை பெயரில் அமைந்த ஜினாலயமும், பாறையில் செதுக்கிய சுமார் 16 அடி உயர நேமிநாதர் சிலையும் உள்ளன. அங்கிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறி ஜமுனாமரத்தூரை அடையலாம். மலையின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வான் ஆய்வகம் இயங்குகிறது. அதைப் பார்க்க விரும்புவோர் பார்வையாளர் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். போளூரிலேயே எரிபொருள் நிரப்பி, வரைபடத்தைக் கைபேசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் பாதுகாப்பு.

மூன்றாம் நாள் தேவிகாபுரம், செஞ்சி. செஞ்சியின் ராஜகிரிக் கோட்டைக்குப் படியேற வேண்டும். வெயில் ஏறுமுன் தொடங்காவிட்டால் உச்சி வரை செல்வது கடினம். ஆகவே முதலில் செஞ்சி. திரும்பும் வழியில், நடை திறக்கும் மாலை வேளையில், தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் கோயில். 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராத்தியர் கோட்டைகளின் தொகுப்பில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. கூடுதலாக ஒரு நாள் இருந்தால், சம்புவராயர் தலைநகராயிருந்த படவேட்டையும் வேலூர்க் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாலையில் கவனம்

ஆரணி வட்டாரம் நெல்லுக்கும் அரிசி ஆலைக்கும் பேர்போனது. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும். அதைச் சுற்றிக் கற்கள் அடுக்கியிருக்கும். இரவில் இந்தக் கற்கள் கண்ணுக்குத் தெரியாது. பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர்களும், கோடு அழிந்த வேகத்தடைகளும் இரவில் அதே அளவு ஆபத்தானவை. எனவே ஊர்ச் சாலைகளில் இருட்டிய பின் ஓட்டுவதைத் தவிர்ப்பதே சிறந்தது.

பெரும்பாலான கோயில்களின் நடை பகல் 12 மணியளவில் சாத்தப்பட்டு மாலை 4 மணிக்கு மேல் திறக்கும். இந்த இடைவேளையைச் சாப்பாட்டுக்கும் அடுத்த ஊருக்குச் செல்லவும் பயன்படுத்தினால் நேரம் வீணாகாது.

தறி வீட்டில்

ஆரணியிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் தறி இருப்பது வீட்டுக்குள். அது கண்காட்சி இல்லை, ஒரு குடும்பத்தின் வேலையிடம். கேட்டுவிட்டு நுழைவதும், செருப்பை வெளியே விடுவதும், பாவு இழையைத் தொடாமல் இருப்பதும், அனுமதி பெற்றுப் படமெடுப்பதும் முறை. தெருவில் பாவு ஓடுவதைக் கண்டால் காரைத் தொலைவிலேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு குடும்பத்தின் உழைப்பு அந்த இழைகளில் நீண்டு கிடக்கிறது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்த, விலை தாங்கக்கூடிய புடவைகள் இங்கே நிறைய நெய்யப்படுகின்றன. வாங்கும்போது சில்க் மார்க் வில்லையும் ரசீதும் கேட்டுப் பெற வேண்டும். ஜரிகை அசலா, கலப்பா என்பதைத் தெளிவாகக் கேட்பது முக்கியம். விலையின் பெரும் பகுதி அதைப் பொறுத்தது. தூய பட்டா என்று அறிய, ஓரத்து நூலில் ஒன்றை எரித்துப் பார்க்கலாம். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கட்டியானால் செயற்கை இழை.

அவசரத்துக்கு

ஆம்புலன்ஸுக்கு 108, காவல் உள்ளிட்ட அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் 1033. பெரிய சிகிச்சைக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆரணியிலிருந்து எட்டும் தொலைவில் உள்ளது. குடிநீர், முதலுதவிப் பெட்டி, காற்றுள்ள மாற்றுச் சக்கரம், சிற்றூர்க் கடைகளுக்கான சில்லறைப் பணம் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே வண்டியில் வைத்துவிட வேண்டும்.