கருவிழிப் புண்: கிருமியை அறிந்தே மருந்து

கேழ்வரகு அடிக்கும் களத்தில் உமியும் தூசும் கண்ணில் விழுவது கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஓசூர்ப் பகுதியில் ரோஜா முள்ளும், பட்டறை வேலையில் இரும்புத் துகளும் கண்ணைக் கீறுவதுண்டு. கீறல் சிறிதாயினும், அதன் வழியே கிருமி புகுந்தால் கருவிழியில் புண் உண்டாகும். கண் சிவந்து வலிக்கும், நீர் வடியும், வெளிச்சம் கூசும், கருவிழியில் வெண்புள்ளி தோன்றும். கவனிக்காவிடில் பூ விழுந்து பார்வை மறையும்.

இலைப்புள்ளிக்குக் காரணம் பாக்டீரியாவா, பூஞ்சாணமா என்று அறிந்தே மருந்தடிக்க வேண்டும். கண்ணுக்கும் அப்படியே. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 284 பேருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. சோதனையில் கிருமி வளர்ந்த 297 பேரில் 140 பேருக்குப் பாக்டீரியா மட்டும். 139 பேருக்குப் பூஞ்சாணம் மட்டும். பார்வைக்கு இரண்டு புண்ணும் ஒன்றுபோலத் தோன்றலாம். மருந்தோ வேறு வேறு.

இதை அறிய, கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, புண்ணை மருத்துவர் இலேசாகச் சுரண்டி எடுப்பார். அதைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் அன்றே துப்புக் கிடைக்கும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சில நாட்கள் ஆகும்.

தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் விடக்கூடாது. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, சிவப்பைக் குறைத்துப் புண்ணை வளர்த்துவிடும். கண்ணைக் கசக்காமல் சுத்தமான நீரில் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கதிரடிக்கும்போது கண்ணாடி அணிவது அதனினும் நல்லது.