மேசைப்பந்து மட்டைக்கு ஏற்ற ரப்பர்

1952-ஆம் ஆண்டில் பம்பாயில் நடைபெற்ற உலக மேசைப்பந்துப் போட்டிகளில் ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஜி சாட்டோ ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதற்குமுன் ஆசிய நாட்டு ஆடவர் எவரும் அப்பட்டத்தை எய்தியதில்லை. அக்காலத்து ஆட்டக்காரர்களிற் பெரும்பாலோர் குமிழ்கள் கொண்ட கடின ரப்பரிலே பழகியவர்கள். சாட்டோவின் மட்டையிலோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டப்பட்டிருந்தது. பந்து அதிற் படும்போது வழக்கமான ‘டக்’ என்னும் ஒலி எழவில்லை. அவ்வொலியைக் கொண்டே பந்தின் வேகத்தை மதிப்பிட்டுப் பழகியவர்கள் தடுமாறினர்.

ஸ்பாஞ்சு மட்டைகள் பெருகிய பின்னர், 1959-இல் அனைத்துலக மேசைப்பந்துச் சம்மேளனம் ஓர் எல்லை வகுத்தது. வெறும் ஸ்பாஞ்சு விலக்கப்பட்டது. அதன்மேல் ரப்பர்த் தகடு இருத்தல் வேண்டும். பசை உட்பட இரண்டின் மொத்தத் தடிப்பு 4 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. இவ்வரம்பு இன்றும் நிலவுகின்றது. எனினும், இதற்குள்ளேயே எண்ணற்ற வகைகள் கடைகளில் உள்ளன. விலை மிகுந்ததே சிறந்தது என்று கருதி வாங்கிக் கொடுப்பதால் மாணவரின் ஆட்டம் வளராமற் குன்றுவதுண்டு.

பந்து ரப்பரின்மீது தங்குவது ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் ஸ்பாஞ்சு அமுங்கி மீண்டு பந்தை முன்னே தள்ளுகின்றது; மேல்தகடு பந்தைப் பற்றி இழுத்துச் சுழற்சி தருகின்றது. குமிழ்கள் உள்ளேயும் வழுவழுப்பான முகம் வெளியேயும் அமைந்த ரப்பரில் பந்து தொடும் பரப்பு மிகுதி. ஆகவே பற்றும் மிகுதி. பந்தை உரசி எழுப்பி, மேற்சுழற்சியுடன் தாக்குபவருக்கு இதுவே உகந்தது. ஆனால், ஆட்டக்காரரின் சுழற்சிக்கு இணங்கும் ரப்பர் எதிராளியின் சுழற்சிக்கும் இணங்கும். சர்வீஸைத் திருப்புகையில் மட்டையின் கோணம் சிறிது பிழைத்தாலும் பந்து வலையிலோ மேசைக்கு அப்பாலோ விழும்.

குறுகிய குமிழ்கள் வெளிப்புறம் அமைந்த ரப்பரில் இத்தொல்லை குறைவு. மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்போதே தட்டையாக அடிப்பவர் இதனை விரும்புவர்.

‘லாங் பிம்பிள்’ என்று ஆட்டக்காரர்கள் கூறும் நெடுங்குமிழ் ரப்பரின் தன்மை விந்தையானது. எதிராளி மேற்சுழற்சியுடன் அனுப்பும் பந்தின் சுற்றைச் சாதாரண ரப்பர் பற்றி நிறுத்தி, எதிர்ப்புறமாக மாற்றிவிடுகின்றது. நெடுங்குமிழ்களோ வளைந்து வழுக்கிக் கொடுக்கின்றன. அதனால் பந்து சுற்றும் திசை பெரும்பாலும் மாறுவதில்லை. செல்லும் திசை மட்டுமே திரும்புகின்றது. வரும்போது மேற்சுழற்சியாக இருந்த அதே சுற்று, திரும்பிச் செல்லும்போது கீழ்ச்சுழற்சியாகின்றது. வழக்கமான கோணத்தில் அதனை அடிப்பவர் பந்தை வலையிற் சேர்க்கின்றார். 2018-இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ரா, மட்டையின் பின்கைப் பக்கத்தில் இத்தகைய ரப்பரைப் பயன்படுத்தியே எதிராளிகளைத் திணறச் செய்தார். இதற்குக் குறையும் உண்டு. சுழற்சியற்ற மெதுவான பந்து வந்தால் இந்த ரப்பர் தானாக ஒன்றும் செய்வதற்கில்லை. விவரம் அறிந்த எதிராளி அத்தகைய பந்துகளையே அனுப்புவார்.

இவ்வேறுபாட்டை வகுப்பிலேயே காட்டலாம். இருவகை மட்டைகளையும் மேசைமேல் படுக்க வைத்து, விரல்களாற் பந்தைப் பக்கவாட்டில் உருளுமாறு நன்கு சுழற்றி, ஒவ்வொன்றின்மீதும் விடவேண்டும். வழுவழுப்பான புது ரப்பரில் பந்து பக்கவாட்டில் தாவும். நெடுங்குமிழில் ஏறக்குறைய நேராகவே எழும். 1986 முதல் மட்டையின் ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் சிவப்பும் கட்டாயமாக்கப்பட்டதன் காரணமும் இதனால் மாணவருக்கு விளங்கும்: ஒரே நிறத்தில் இருவேறு ரப்பர்களை ஒட்டி, ஆட்டத்தினிடையே மட்டையைத் திருப்பி ஏமாற்றுவோர் இருந்தனர். (2021 முதல் சிவப்பின் இடத்தில் வேறு சில நிறங்களும் அனுமதிக்கப்படுகின்றன.)

தொடங்கும் மாணவருக்கு இருபுறமும் வழுவழுப்பான ரப்பரும், 1.5 முதல் 1.8 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள, அதிகக் கடினமில்லாத ஸ்பாஞ்சும் போதும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துள்ளல் மிகுந்த ஸ்பாஞ்சைக் கொடுத்தால், பந்து வெளியே போய்விடுமோ என்றஞ்சிப் பிள்ளை கையை வீசாமல் வெறுமனே தொட்டுவிடப் பழகும். அப்பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது எளிதன்று. சிறுவர் போட்டிகளில் விரைவில் வெற்றி காணும் ஆசையால் தொடக்கத்திலேயே நெடுங்குமிழைத் தருவோரும் உளர். எதிராளிகள் அதனை அறியாதவரை வெற்றி கிட்டும். சுழற்சியைத் தானே உண்டாக்கும் திறன் அக்கைக்கு வருவதில்லை. ஓராண்டேனும் ஆடிய பின் மாணவரின் இயல்பைக் கவனித்து மாற்றலாம். மேசையை விட்டு விலகிப் பந்தை வெட்டித் தடுப்பவருக்கு மெல்லிய ஸ்பாஞ்சு நன்று. உரசித் தாக்குபவருக்குத் தடித்தது நன்று. ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால், ஆட்டத்தில் நேரும் வேறுபாடு எதனால் விளைந்தது என்பது தெரியவரும்.

நல்ல ரப்பரும் தூசியாலும் வெயிலாலும் பற்றை இழக்கும். ஆடி முடித்ததும் ஈரத் துணியால் மெல்லத் துடைத்து, நிழலில் உலர்த்தி, உறையிலிட்டு வைத்தல் வேண்டும். பந்தை ரப்பரின்மேல் அழுத்தி விரலால் இழுத்துப் பார்க்கையில், புதிதில் இருந்த தடை இன்றி அது வழுக்குமாயின், மேல்தோற்றம் எவ்வளவு நன்றாயிருப்பினும் அந்த ரப்பரை மாற்றிவிட வேண்டும்.