'பாலு பத்தலை' என்று யார் சொன்னது?

"ஏனுங் அக்கா, பேத்தி ஏன் இப்படிச் சோளத்தட்டாட்டம் இருக்குது? அம்மாக்காரிக்குப் பாலு பத்தலையாட்டம் இருக்குதே!"

எதிர் வீட்டு அம்மா சும்மாதான் கேட்டார். போன வருஷம் என் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பிறந்து பதினோராம் நாள் அது. சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையின் தொடையைத்தான் முதலில் பார்ப்பார்கள். தொடையில் மடிப்பு விழுந்திருந்தால் அம்மா கெட்டிக்காரி. விழாவிட்டால் அவளுக்குப் பால் இல்லை. தீர்ப்பு அவ்வளவுதான்!

உள் அறையில் இருந்த என் மகளுக்கு அந்தப் பேச்சு கேட்டுவிட்டது. அன்று ராத்திரி அவள் சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை. எதிர் வீட்டு அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வாயால் சொன்னதைத்தான் நானும் நாலு நாளாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறந்தபோது பேத்தி 2 கிலோ 900 கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது 2 கிலோ 700. இதில் பயப்பட ஒன்றுமில்லை. பிறந்த சில நாளில் எந்தக் குழந்தையும் கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும். பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை குறைவது சகஜம். பத்துப் பங்கை நெருங்கினால்தான் டாக்டர்கள் முகம் மாறும். பத்து முதல் பதினாலு நாளுக்குள் இழந்ததை மீட்டுப் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு முதல் மூன்று மாதம் தினம் 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும்.

எங்கள் பேத்தி பதினாலாம் நாள் தராசில் கிடந்தபோது முள் காட்டியது 2 கிலோ 720. பதினோரு நாளில் வெறும் 20 கிராம்! என் மகள் அங்கேயே அழுதுவிட்டாள். "பால் பவுடர் எழுதிக் கொடுத்துருங்க டாக்டரம்மா" என்று கேட்டது அவளில்லை, நான்தான்.

டாக்டரம்மா எழுதவில்லை. குழந்தையைத் தலை முதல் கால் வரை சோதித்தார். நாக்கைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இப்போ பால் கொடு கண்ணு, நான் பார்க்கணும்" என்றார். அரை மணி நேரம் பார்த்தார். அதற்கு முன்னே எங்கள் வீட்டில் ஒருத்தரும், நான் உட்பட, குழந்தை எப்படிக் குடிக்கிறது என்று பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் குடித்தது என்று கடிகாரத்தை மட்டும் பார்த்திருந்தோம்.

குழந்தை காம்பின் நுனியை மட்டும் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப் போனது. "விழுங்குற சத்தம் கேக்குதுங்களாம்மா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். காதைக் கொண்டு போனேன். ஒன்றும் கேட்கவில்லை.

"ராத்திரி எத்தனை தடவை குடிக்கிறா?"

"ராத்திரி தங்கமாத் தூங்குதுங்க. சேலைத் தொட்டில்ல போட்டு ஆட்டுனா விடியற வரைக்கும் சத்தமே இல்லீங்க" என்றேன் பெருமையாக.

"வேற என்ன கொடுக்கறீங்க?"

இங்கேதான் நான் மாட்டினேன். காலையில் வசம்பும் சுக்கும் ஜாதிக்காயும் உரசின உரை மருந்து ஒரு சங்கு. சாயந்திரம் கிரைப் வாட்டர். நடுவில் 'வெயில் காலமாச்சே, தொண்டை வறண்டு போகும்' என்று கொதித்து ஆறின தண்ணீர் இரண்டு சங்கு. எல்லாம் என் கைங்கரியம்!

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. "இத்துனூண்டு வயிறுங்கம்மா. அதுல தண்ணியை ஊத்திட்டா பாலுக்கு இடம் எங்கே?" என்றார். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். கோயம்புத்தூர் என்ன, ராஜஸ்தான் வெயிலானாலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம் என்றார். உரசுகிற கல்லிலிருந்தும் சங்கிலிருந்தும் கிருமி போகும் என்பது தனிக் கவலை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பால் சுரப்பது மாட்டுக்கும் மனுஷிக்கும் ஒரே கணக்குதான். கறக்கக் கறக்கத்தான் ஊறும். மடியில் பால் தேங்கினால், 'போதும்' என்று உடம்பே சுரப்பைக் குறைத்துவிடும். குழந்தை நுனியைச் சப்பினால் பால் முழுசாக வெளியே வராது. வராத பால் நாளைக்குச் சுரக்காது. சுரக்க வைக்கிற புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம். நானோ ராத்திரி முழுக்கத் தொட்டில் ஆட்டி அந்த நேரத்தை வீணாக்கியிருக்கிறேன். சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின் என்ற இன்னொன்று. தாய் பயந்தாலும் அழுதாலும் அது தடைப்படும். திண்ணைப் பேச்சால் பால் இறங்காமல் போகும் என்பது வெறும் கதையில்லை என்று தெரிந்துகொண்டேன். இன்னொன்று: மார்பு சிறிதா பெரிதா என்பதற்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை.

அன்றிலிருந்து வீட்டு நடைமுறை மாறியது. பகலில் இரண்டு மணிக்கு ஒரு தரம், ராத்திரியில் மூன்று மணிக்கு மேல் விடாமல், குழந்தையை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்தில் பத்துத் தடவைக்குக் குறையக் கூடாது. போர்த்தியிருந்த துணியைக் கழற்றி, உள்ளங்காலை லேசாகத் தேய்த்தால் விழிக்கும். வயிறு அம்மா வயிற்றோடு ஒட்டி இருக்கும்படி அணைத்து, வாயை அகலத் திறக்கிற வரை பொறுத்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போகும்படி கொடுக்க வேண்டும். வலித்தால், விரலை வாயோரம் விட்டு எடுத்து மறுபடி வைக்க வேண்டும். இழுப்பு நின்று கண் சொருகினால் மார்பை மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பால் பீறியதும் மறுபடி விழுங்க ஆரம்பிக்கும். ஒரு பக்கம் முடிந்தால் மறு பக்கம்.

குடித்து முடித்த பிறகும் மீதியைக் கையால் பீய்ச்சி எடுத்து, அதையும் புகட்டச் சொன்னார். பாட்டில் வேண்டாம் என்றார். பாட்டிலுக்குப் பழகிய வாய் மார்பில் அகலத் திறக்காதாம். "வீட்டுல பாலாடை இருக்குதுங்களா?" என்றார். எனக்கு ஆச்சரியம்! என் அம்மா எனக்குப் புகட்டிய வெள்ளிப் பாலாடை பீரோவில் துணி சுற்றிக் கிடந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இன்றும் அதில்தான் பால் புகட்டுகிறார்களாம். ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து எடுத்தேன். என் கைக்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்கும் நிம்மதி.

முதல் மூன்று நாள் பாடு சொல்லி மாளாது. ஒரு வேளை பால் கொடுத்து, பீய்ச்சி, புகட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அடுத்த வேளை வந்துவிடும். மகள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். சமையல், துணி, வருகிறவர்களை வாசலோடு அனுப்புவது எல்லாம் நான் பார்த்தேன். இதைச் செய்ய ஒரு ஆள் இல்லாவிட்டால் எந்த வைத்தியமும் நடக்காது. 'பச்சை உடம்புக்காரி' என்று தண்ணீரையும் காய்கறியையும் அளந்து கொடுத்த பத்தியத்தையும் விட்டேன். பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம் தாய்க்கு வழக்கத்தைவிடச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பூண்டும் முருங்கைக் கீரையும் கருப்பட்டியும் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் குழந்தை சரியாக இழுக்காமல் ஒரு மூட்டை பூண்டு தின்றும் பயனில்லை.

பதினேழாம் நாள் 2 கிலோ 800. இருபத்தொன்றாம் நாள் 2 கிலோ 930. அன்று வீட்டில் பாயசம்!

நான் ஏன் இப்படிக் குற்ற உணர்ச்சியோடு எழுதுகிறேன் என்றால், இது எனக்கு இரண்டாம் தரம். 1986-ல் என் மூத்தவன் பிறந்தபோது, பிரசவம் ஆன இடத்திலேயே 'பால் ஊறலை' என்று சொல்லி முதல் நாளே பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டப்பா விலை கட்டுப்படியாகாமல், ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போட்டுக் கலக்கினேன். இரண்டே மாதத்தில் என் பால் வற்றிவிட்டது. அவனுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு. 'சவலை பாய்ஞ்ச பிள்ளை' என்று பெயரும் வாங்கினான். 1992-ல் வந்த சட்டப்படி இப்போது பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, ஆஸ்பத்திரியில் இலவச டப்பா கொடுக்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

இதைப் படித்துவிட்டு 'டப்பாவே விஷம்' என்று யாரும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தும் சில தாய்மார்களுக்குப் பால் போதாமல் இருக்கலாம். தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிவிடுவது, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, இப்படிக் காரணங்கள் உண்டு. குழந்தைக்கும் நாக்கு ஒட்டியிருக்கலாம், சிறுநீரில் கிருமி இருக்கலாம், இருதயத்தில் ஓட்டை இருக்கலாம். பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து மூச்சு வாங்கினால் உடனே காட்ட வேண்டும். டாக்டர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நாளைக்கு மேல்பால் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். டப்பாவில் போட்ட அளவுப்படி கலந்து, பாலாடையில். மார்பை மட்டும் நிறுத்தாதீர்கள். எடை குறைவான பச்சிளங்குழந்தைகளுக்குப் பிற தாய்மார் கொடுத்த பாலைக் காப்பாற்றித் தருகிற வங்கிகளும் வந்துவிட்டன. 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கிய ஏற்பாடு அது. இப்போது கோவை அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது.

வீட்டில் தராசு இல்லாதவர்கள் ஈரத்துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் நாளொன்றுக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனாலோ, எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலோ, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். தொக்கம் எடுக்கிறவரிடமும் மந்திரிக்கிறவரிடமும் இரண்டு நாளை வீணாக்கக் கூடாது.

இன்னொரு சங்கதி. எடை பார்ப்பதென்றால் ஒரே தராசில், துணியில்லாமல் பாருங்கள். மருந்துக் கடைத் தராசுக்கும் ஆஸ்பத்திரித் தராசுக்கும் 150 கிராம் வித்தியாசம் வந்து, ஒரு நாள் முழுக்க நாங்கள் அழுதோம்!

முதல் மாத முடிவில் 3 கிலோ 200, மூன்றாம் மாதம் 4 கிலோ 900 என்று பேத்தி ஏறி வந்தாள். நான்காம் மாதம் வேகம் குறைந்தது. மாப்பிள்ளை வீட்டில் காது குத்துக்குப் பேச வந்த இடத்தில் சம்பந்தியம்மா, "ஏனுங் சம்பந்தி, மாசம் முக்காக் கிலோ ஏறுன புள்ள இப்போ அரைக் கிலோ தானுங்களே ஏறுது? பாலு நீத்துப் போச்சாட்டம் இருக்குது. டப்பாப் பால் வாங்கிப் போடலாமுங்க" என்றார். ஆசையில் சொன்னதுதான்.

இந்தத் தரம் என்னிடம் பதில் இருந்தது. தாய்–சேய் அட்டையை எடுத்து விரித்தேன். முன்பெல்லாம் டாக்டர்கள் வைத்திருந்த வளர்ச்சிப் படம் 1977-ல் அமெரிக்காவில் வந்தது. அதில் கைக்குழந்தைகளுக்கான கணக்கு ஓஹியோ மாநிலத்தில், பெரும்பாலும் பாட்டில் பால் குடித்த குழந்தைகளிடம் எடுத்தது. தாய்ப்பால் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் விறுவிறுவென்று ஏறி, பிறகு நிதானப்படும். அந்தப் படத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கிற குழந்தையும் இளைத்தது போலத் தெரியும். எத்தனை அம்மாக்கள் அதனால் டப்பாவுக்குப் போனார்களோ! உலக சுகாதார நிறுவனம் பிறகு ஆறு நாடுகளில், நம் டில்லிக் குழந்தைகளையும் சேர்த்து, தாய்ப்பாலில் வளர்ந்தவர்களை அளந்து 2006-ல் புதுக் கோடு போட்டது. அட்டையில் இப்போது இருப்பது அந்தக் கோடுதான். மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் அரைக் கிலோ என்பது சரியான கணக்கே. எங்கள் பேத்தியின் புள்ளிகள் பச்சைப் பட்டைக்குள், கீழ் ஓரமாக இருந்தாலும் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

குண்டா ஒல்லியா என்று பார்க்காதே, கோடு ஏறுகிறதா என்று பார் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, கோடு தளர்ந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சத்துணவு கொடுத்தார்கள். கோடு இரண்டு மாதம் படுத்துவிட்டால் விடாமல் காட்ட வேண்டும். ஏறிக்கொண்டிருந்தால் ஒல்லியாக இருப்பது அப்பன் வீட்டு வாகு. எங்கள் மாப்பிள்ளையும் சோளத்தட்டுதான்! சம்பந்தியம்மாவே அதைச் சொல்லிச் சிரித்துவிட்டார்.

ஆறாம் மாதம் 6 கிலோ 400. ராகிக் கூழும், நெய் விட்டு மசித்த பருப்புச் சாதமும், நேந்திரம் பழமும் ஆரம்பித்தோம். தாய்ப்பாலும் தொடர்கிறது.

போன வாரம் எதிர் வீட்டு அம்மாவின் மருமகளுக்குப் பிரசவம். பார்க்கப் போனேன். குழந்தை ஒல்லிதான். எனக்கு வாயைத் திறக்கவே பயம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்குது அம்மிணி?" என்று மட்டும் கேட்டேன். "எட்டுங்க அத்தை" என்றாள்.