கரண்ட் வந்ததும் தானே எழும் சர்வர்



வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த பாட்டையும் படத்தையும் டி.வி.க்கும் செல்போனுக்கும் அனுப்பும் மென்பொருளே மீடியா சர்வர். 2018-ல் பிறந்த ஜெல்லிஃபின் அதில் ஒன்று, காசு கிடையாது. ஆனால் கரண்ட் போய் வந்தால் அதை மறுபடி இயக்குவது யார்? நாம் காலேஜில் இருப்போம். மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் அம்மா கமாண்ட் அடிப்பார்களா? அது தானாகவே எழ வேணும். அதற்கு மூன்று படிகள்.

1. கரண்ட் திரும்பியதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்படி பயாஸில் செட் செய்யுங்கள்.

2. டெபியன் லினக்ஸில் 2015 முதல் சர்வீஸ்களை எழுப்புவது சிஸ்டம்டி. இன்ஸ்டால் செய்யும்போதே ஜெல்லிஃபின் அதில் பதிவாகிவிடும். இல்லையென்றால், 'சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் ஜெல்லிஃபின்' என்று கொடுங்கள். 'ஸ்டார்ட்' என்பது இப்போதைக்கு மட்டும். 'எனேபிள்' ஒவ்வொரு பூட்டுக்கும்.

3. படங்கள் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அதை எஃப்எஸ்டாப் ஃபைலில் எழுதணும். சர்வீஸ் ஃபைலில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' வரியும் வேணும். இல்லாவிட்டால் டிஸ்க் சேருமுன் சர்வர் எழுந்துவிடக்கூடும். படம் ஒன்றும் தெரியாது. நெல் வருமுன்னே ரைஸ் மில் ஓடின கதைதானுங்க!

முடித்ததும் ரீபூட் செய்து, கீபோர்டைத் தொடாமல், செல்போனில் கம்ப்யூட்டரின் ஐ.பி. எண்ணோடு 8096 போர்ட்டைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். நாம் இல்லாத நேரத்திலும் வீட்டில் பாட்டு ஓடினால், படித்தது வீடு வந்து சேர்ந்தது என்று அர்த்தம்!