தேங்கிய நீரில் கை விடும் முன்

டிஷ்வாஷரைத் திறந்தால் அடியில் கலங்கலாகத் தண்ணீர் நிற்கிறது. பெரும்பாலும் பழுது சின்னதாகத்தான் இருக்கும். ஆளைக் காயப்படுத்துவது அதற்கு வீட்டில் நடக்கும் வைத்தியம்.

வடிகட்டிக்குக் கீழே உள்ள குழியில் கொஞ்சம் தெளிந்த நீர் நிற்பது இயல்பு. பம்பின் ரப்பர் சீல் காயாமலிருக்க அது உதவுகிறது. நீர் அடித்தளம் வரை ஏறி எண்ணெயும் மிதந்தால்தான் வேலை இருக்கிறது. போஷ் மெஷினில் இ24, எல்ஜியில் ஓஇ என்று திரையில் வந்தாலும் நீர் வெளியேறவில்லை என்றே பொருள்.

குற்றம் பல நேரம் மெஷினிலேயே இருக்காது. 2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போனபோது நம் நகரங்களில் டிஷ்வாஷர் விற்பனை ஏறியது. ஆனால் பழைய அடுக்ககங்களில் அதற்கென்று தனிக் கழிவுக் குழாய் ஏது? சிங்க்குக் கீழே போகும் குழாயிலேயே ஹோஸைச் சொருகிவிடுகிறார்கள். முனை அழுக்கு நீரில் மூழ்கியிருந்தால், பம்பு நின்றதும் அந்த நீர் உள்ளே திரும்ப வழியுண்டு. ஹோஸை மேலே தூக்கி, வளைத்துக் கட்டி, பிறகு இறக்கச் சொல்வது இதற்காகத்தான். அதற்காக அளவில்லாமல் தூக்கவும் கூடாது. 1 மீட்டர் வாக்கில் உயர்ந்தாலே பல பம்புகள் திணறும். சிங்க்கும் மெதுவாக வடிகிறதென்றால் கூப்பிட வேண்டியது பிளம்பரை.

அடைப்பு என்றதும் கழிப்பறை ஆசிட்டைத் தேடுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரிக்கும். உள்ளே ஏற்கெனவே பிளீச் போட்டிருந்தால் இரண்டும் கலந்து குளோரின் வாயு எழும். கதவைத் திறந்து குனிபவரின் முகத்துக்கு நேராக. காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கியும் சரிப்படாது. வடியாத மெஷினில் ஊற்றியது எங்கே போகும்? அடியிலேயே கிடந்து, அடுத்த முறை ஓட்டும்போது எல்லாப் பாத்திரத்தின் மேலும் தெளிக்கும்.

பொடி தீர்ந்த நாளில் கையால் தேய்க்கும் லிக்விடை ஊற்றுவதும் வம்புதான். நுரை பொங்கினால் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். நுரை வழிந்து மெஷினின் அடித்தட்டில் இறங்கினால், அங்கே மிதவை சுவிட்ச் உள்ள மாடல்கள் கழுவுவதையே நிறுத்திவிடும்.

நீரில் கை விடத்தான் வேண்டுமென்றால், பட்டனை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே 230 வோல்ட்டில் ஓடும் ஹீட்டர் இருக்கிறது. பாதியில் நின்ற நீர் 60 டிகிரிக்கு மேலும் சூடாக இருக்கலாம், ஆறவிடுங்கள். அதில் கரைந்திருப்பது சோடியம் கார்பனேட் போன்ற காரப் பொருள். கண்ணில் தெறித்தால் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கெட்டிக் கையுறை போட்டு, கிண்ணத்தால் மொண்டு, மிச்சத்தை ஸ்பஞ்சில் ஒற்றி எடுங்கள். பிறகு வடிகட்டியைத் திருகிக் கழற்றுங்கள். கறிவேப்பிலை ஈர்க்கு, புளி நார், பல்குச்சி எல்லாம் அங்கேதான் சிக்கும். அதற்கும் கீழே, பல மாடல்களில் ஒரு சிறு மூடிக்குள், பம்பின் விசிறி இருக்கும். உடைந்த கண்ணாடித் தம்ளரின் சில்லு தங்குகிற இடமும் அதுவே. தண்ணீருக்குள் கண்ணாடி தெரியாது. விரலால் துழாவாமல் டார்ச் அடித்து இடுக்கியால் எடுங்கள். குச்சியால் தள்ளும்போது விசிறி விட்டுவிட்டுச் சுழன்றால் பயப்படாதீர்கள், உள்ளேயிருக்கும் காந்தத்தால் அப்படித்தான் சுற்றும்.

விசிறி சுற்றியும், ஹோஸ் சுத்தமாக இருந்தும் நீர் இறங்கவில்லையென்றால் மின்பழுதாக இருக்கலாம். அங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆசிட்டோ வேறெதுவோ ஊற்றியிருந்தால், அவர் மூடியில் கைவைக்கும் முன் சொல்லிவிடுங்கள்.