பெயர் திருடிய பேனாக்கத்தி

என் மைத்துனருக்கு ஒரு வழக்கம். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, காசி யாத்திரைக்குப் போனாலும் சரி, சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார். பென்சில் சீவுவது, மாம்பழம் நறுக்குவது, தபால் உறையைப் பிரிப்பது, திருகாணியை முடுக்குவது எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு கத்திதான். இருபது வருஷம் உழைத்த அந்தப் பழைய கத்தி போன கோடையில் எங்கேயோ தவறிப் போய்விட்டது. மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கைபேசியைத் திறந்து, இணையக் கடை ஒன்றில் அதே கத்தியைக் கண்டுபிடித்துவிட்டார். அதே சிவப்புப் பிடி. அதே வெள்ளைச் சிலுவை. விலை மட்டும் மூன்றில் ஒரு பங்கு! "காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது, பார்த்தீர்களா!" என்று எங்களுக்கெல்லாம் ஒரு பிரசங்கமும் செய்தார்.

கத்தி வந்து சேர்ந்தது. முதல் மாம்பழத்திலேயே அதன் குணம் தெரிந்துவிட்டது. கொட்டையை ஒட்டி அலகைச் சற்று அழுத்தியபோது, அது திடீரென்று மடங்கி அவருடைய ஆள்காட்டி விரலின் மேல் உட்கார்ந்தது. வைத்தியர் நான்கு தையல் போட்டார். விரலில் கட்டுடன் வீடு திரும்பிய பிறகுதான் பூதக் கண்ணாடியை எடுத்துக் கத்தியைப் பரிசோதித்தோம். சிலுவை இருந்தது, அதைச் சுற்றி இருக்கவேண்டிய கேடயத்தைக் காணோம். அலகின் அடியில், செய்தவர் பெயர் பொறித்திருக்கவேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

இதில் மைத்துனருக்கு நஷ்டமானது சில நூறு ரூபாயும் கொஞ்சம் இரத்தமும்தான். ஆனால் அவருக்கு முன்பே, அவரை விடப் பெரிய சொத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அந்தக் கதையை வாசகர்கள் அறியவேண்டும்.

ஒரு சுதேசிக் கத்தி

ஸ்விட்ஜர்லாந்தில் ஷ்வீஸ் என்று ஒரு மலைப் பிரதேசம். அங்கே ஈபாக் என்னும் சிற்றூரில் 1884-ஆம் ஆண்டில் கார்ல் எல்ஸனர் என்பவர் ஒரு கத்திப் பட்டறை ஆரம்பித்தார். இன்று செல்வச் சீமையாக விளங்கும் அந்நாட்டில் அக்காலத்தில் பிழைப்புக்கு வழியில்லாமல் வாலிபர்கள் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கொடுக்கவேண்டும் என்பது எல்ஸனரின் ஆசை.

அப்போது ஸ்விஸ் ராணுவம் தன் சிப்பாய்களுக்கு ஒரு மடக்குக் கத்தி கொடுக்கத் தீர்மானித்தது. ஓர் அலகு, ஒரு துளையூசி, டப்பாத் திறப்பான், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட ஒரு திருப்புளி - இவ்வளவுதான் அதன் அங்கங்கள். ஆனால் இவ்வளவு கத்திகளைச் செய்யும் சக்தி உள்நாட்டுப் பட்டறை எதற்கும் இருக்கவில்லை. ஆகவே முதல் சரக்கு ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்திலிருந்து வந்தது. நம் நாட்டுச் சிப்பாயின் பையில் அன்னிய நாட்டுக் கத்தியா என்று எல்ஸனர் மனம் பொறுக்கவில்லை. மற்றக் கத்திக் கொல்லர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். 1891-ஆம் ஆண்டிலேயே ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். ஸோலிங்கன் தொழிற்சாலைகளோ இன்னும் மலிவாகக் கொடுத்தன. கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்ஸனர் கடனில் மூழ்கினார். உறவினர்கள் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

1897-ல் அவர் பதிவு செய்த 'அதிகாரிகளின் கத்தி'தான் இன்று உலகமெங்கும் பேர்போன சிவப்புக் கத்தியின் மூதாதை. ஒரே வில், முன்பக்கத்துக் கருவியையும் பின்பக்கத்துக் கருவியையும் சேர்த்துத் தாங்கும்படி அதை அமைத்தார். அதனால் கத்தி கனக்காமலே கருவிகள் பெருகின. 1909-ல் தாயார் விக்டோரியா காலமானார். அந்த அம்மாளின் பெயரையே மகன் தம் தொழிலுக்கு இட்டார். கேடயத்தில் சிலுவை பொறித்த முத்திரையும் அந்த ஆண்டில் வந்ததுதான். 1921-ல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும், அதன் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கமான 'இனாக்ஸ்' சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று.

ஒரு மகனுடைய தாய்ப்பாசமும், ஒரு கிராமத்தின் பிழைப்பும், நூற்று நாற்பது ஆண்டு உழைப்பும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. போலிக்காரன் திருடுவது இதைத்தான். எஃகு அவனுடையது, பிடி அவனுடையது, பெயர் மட்டும் பிறருடையது.

கண்ணுக்குத் தெரியாத வேலை

"கத்தி என்றால் கத்திதானே? பெயரில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம்.

கத்தியின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, எஃகைப் பதப்படுத்தும் முறை. அலகை ஆயிரம் டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும். மறுபடியும் மிதமான சூட்டில் வைத்தெடுத்தால்தான் கடினமும் வளையும் குணமும் சரியாகச் சேரும். இதில் சூடு பிசகினால் கூர் நாலு நாளில் மழுங்கும், அல்லது நுனி முறியும். இரண்டாவது, முதுகிலுள்ள வில். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியில், திறந்த அலகு விரலின் மேல் மூடாமல் இருப்பது அந்த வில்லின் பலத்தினால்தான். வில்லுக்கு மட்டமான எஃகைப் போட்டுவிட்டால், கத்தி சத்தமில்லாமல் பகையாளியாகிவிடுகிறது.

இவ்விரண்டையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால்தான் உலகத்தில் முத்திரை என்று ஒன்று ஏற்பட்டது. 1565-ல் பிரான்ஸ் தேசத்து மன்னர் ஒன்பதாம் சார்லஸ், கத்திக் கொல்லர்கள் தங்கள் சரக்கில் அடையாளம் பொறிக்கவேண்டும் என்று ஆணையிட்டார். "பதம் நான் பார்த்திருக்கிறேன், நீ என்னை நம்பு" என்று செய்தவன் வாங்குபவனுக்குக் கொடுக்கும் வாக்குத்தான் முத்திரை.

திருடனே காவல் கேட்ட கதை

பெயர்த் திருட்டு நேற்று முளைத்த வித்தை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்துக் கத்திக்கு உலகமெங்கும் மதிப்பு இருந்தது. மேலே சொன்ன ஸோலிங்கன் நகரத்தார் பலர் தங்கள் மலிவுச் சரக்கின் மேல் கூசாமல் 'ஷெபீல்டு' என்று பொறித்து அனுப்பினார்கள். அந்தக் கூக்குரலின் பலனாக 1887-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. 'ஜெர்மனியில் செய்தது' என்ற வாசகம் அன்னியச் சரக்கின் மேல் ஏறியது இப்படித்தான். வெட்கப்படுத்துவதற்காக இட்ட சூடு அது. ஜெர்மானியர்களோ சரக்கை உயர்த்திக்கொண்டே போனார்கள். சில பத்தாண்டுகளில் அந்த வாசகமே நல்ல சரக்குக்கு அடையாளமாகிவிட்டது! பிறகு ஸோலிங்கன் பெயரையே மற்றவர்கள் திருடத் தொடங்கவே, 1938-ல் அந்தப் பெயரைக் காப்பதற்கென்று ஜெர்மனியில் ஒரு சட்டம் பிறந்தது.

இன்று போலிக் கத்தி என்றதும் சீனாவைக் கை காட்டுகிறோம். போலிகளில் பெரும் பங்கு அங்கிருந்து வருவது மெய்தான். ஆனால் சொந்தப் பெயரில் மிக நேர்த்தியான கத்திகளைச் செய்யும் சீனப் பட்டறைகளும் இருக்கின்றன. திருட்டு ஒரு தேசத்தின் குணம் அல்ல. சொந்தப் பெயரைச் சம்பாதிக்கப் பொறுமையில்லாதவனின் குணம்.

பெயர் இழந்த கிராமம்

போலிக்காரன் சட்டத்துக்குப் பயப்படவாவது வேண்டும். சட்டத்தின் துணையுடனேயே பெயர் பறிபோன கதை ஒன்றும் உண்டு. தெற்குப் பிரான்ஸில் லாயோல் என்று ஒரு கிராமம். ஜனத்தொகை ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு. 1829 முதல் அங்கே செய்யப்படும் ஒயிலான மடக்குக் கத்திக்கு ஊரின் பெயரே பெயர். வில்லின் தலைப்பில் ஒரு தேனீ உருவம் இருக்கும். 1993-ல் வெளியூர் வியாபாரி ஒருவர் 'லாயோல்' என்ற பெயரைப் பலவகைச் சாமான்களுக்குத் தம்முடைய வாணிபக் குறியாகப் பதிவு செய்துகொண்டார். அன்னிய நாடுகளில் செய்த சரக்கெல்லாம் கிராமத்தின் பெயரைத் தாங்கிச் சந்தைக்கு வந்தது. கிராமத்தார் நீதிமன்றம் ஏறினார்கள், 2012-ல் தோற்றார்கள். மனம் வெதும்பி, ஊர் எல்லையில் இருந்த பெயர்ப் பலகையையே கழற்றிவிட்டார்கள். விடாமல் போராடியதில், 2019-ல் பாரிஸ் மேல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. சொந்த ஊரின் பெயரை மீட்க அவர்களுக்கு இத்தனை வருஷம் பிடித்தது!

வலைக்குள் விழும் வழி

கடைக்குப் போய் வாங்கிய காலத்தில் கத்தியைத் திறந்து மூடிப் பார்த்தோம். கடைக்காரர் முகத்தையும் பார்த்தோம். இணையச் சந்தையில் நாம் பார்ப்பது ஒரு படத்தை மட்டுமே. படம் அசல் கத்தியினுடையது, வருவது வேறு. சந்தையை நடத்துகிறவர் ஒருவர், சரக்கை விற்கிறவர் ஒருவர்; ஒரே பக்கத்தில் பல வியாபாரிகள் விற்பதும் உண்டு. பல வியாபாரிகளின் ஒரே மாதிரிச் சரக்கை ஒரே குவியலில் கலந்து வைத்த கிடங்குகளும் இருந்தன. அப்போது நேர்மையான வியாபாரியிடம் பணம் கொடுத்தவருக்கும் போலி வந்து சேர இடமுண்டு. 'அற்புதமான கத்தி' என்ற பாராட்டுகளோ காசுக்கு எழுதப்பட்டவையாக இருக்கலாம். பிடிபட்ட வியாபாரி மறுநாள் வேறு பெயரில் கடை விரிக்கிறான்.

இதற்கு அணை போட அமெரிக்காவில் 2023-லும், ஐரோப்பாவில் 2024-லும் சட்டங்கள் அமலுக்கு வந்தன. விற்பவன் யார், எங்கே இருக்கிறான் என்பதைச் சந்தைக்காரர் விசாரித்து அறிந்திருக்கவேண்டும் என்பது அவற்றின் சாரம். நம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டின் இணைய வாணிப விதிகள் இருக்கின்றன. விற்பவரின் பெயரும் விலாசமும், சரக்கு உற்பத்தியான தேசமும் வாங்குபவருக்குத் தெரியவேண்டும். புகார் செய்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் பரிகாரம் செய்யவேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். போலிக் குறியிட்ட சரக்கு விற்பவனுக்கு 1999-ஆம் ஆண்டின் வாணிபக் குறிகள் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை உண்டு.

ஆனால் சட்டத்துக்கு முன்னால் நம் கண் விழித்துக்கொள்ள வேண்டும். கத்தி செய்தவர்கள் தங்கள் இணையத் தளத்தில் அங்கீகரித்த வியாபாரிகளைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். விலை பாதிக்கும் கீழே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். கத்தி வந்ததும் அலகின் அடியில் பெயர் இருக்கிறதா, அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா, 'டக்'கென்று உறுதியாக நிற்கிறதா என்று கவனியுங்கள். குறை கண்டால் படம் எடுத்து உடனே புகார் செய்யுங்கள். வெட்கப்பட்டு அலமாரியில் போட்டு வைப்பதுதான் போலிக்காரனுக்கு நாம் செய்யும் பெரிய உபகாரம்.

"அன்னியக் கத்திக்காக நமக்கு ஏன் இவ்வளவு கவலை?" என்று கேட்பீர்களானால், திண்டுக்கல் என்றால் பூட்டு, திருப்பாச்சேத்தி என்றால் அரிவாள் என்று பெயர் வாங்கிய கொல்லர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் காகிதத்தில் பதிவான பெயரைக் காப்பாற்றுவது, பெயருக்குரிய சரக்கைத் தேடிக் கேட்டு, உரிய விலை கொடுத்து வாங்குகிறவர்கள்தான். ஈபாக் ஊர்க் கொல்லரின் பெயரை மலிவுக்காக விற்கத் துணிந்தவன், நாளைக்கு நம் ஊர்க் கொல்லரின் பெயரை விட்டுவைப்பானா?

மைத்துனரின் விரல் ஆறிவிட்டது. இந்தத் தடவை கடைக்கு நேரில் போய், முழு விலை கொடுத்து, பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்து, ஒரு கத்தி வாங்கி வந்திருக்கிறார். போலிக் கத்தியையும் அவர் எறிந்துவிடவில்லை. மலிவு விலை கண்டு யாராவது வீட்டில் ஆனந்தப்பட்டால், அதை எடுத்து மேஜையின் மேல் வைக்கிறார். பக்கத்தில் தமது ஆள்காட்டி விரலையும் வைக்கிறார்.