பைக் ஆக்சில் ராடு வரவில்லையா? சுத்தியலை எடுக்கும் முன் ஒரு நிமிடம்!

சென்னை,-

காலை 4 மணிக்கு காசிமேட்டில் மீன் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் தெருவில் விற்று முடிக்க வேண்டும். வழியில் பின் டயர் பஞ்சர். டியூப் மாற்ற சக்கரத்தை கழற்றியே ஆக வேண்டும். நட்டு கழன்று விட்டது. ஆனால் ஆக்சில் ராடு மட்டும் அசைவேனா என்கிறது. நாலு அடி, பத்து அடி, இருபது அடி... கடைசியில் ராடின் மரை நசுங்கியதுதான் மிச்சம். சாதாரண பஞ்சர் வேலை, ஒரு நாள் பிழைப்பையே முழுங்கி விடுகிறது.

இது யாரோ ஒருத்தர் கதை அல்ல. மழைக்காலம் முடிந்ததும் பஞ்சர் கடைகளில் அடிக்கடி பார்க்கிற காட்சிதான்.

ஏன் பிடித்துக் கொள்கிறது?

சக்கரத்தின் நடுவே இரண்டு பக்கமும் பேரிங். அவற்றுக்கு இடையே ஒரு இரும்புக் குழாய். இவற்றின் உள்ளே நுழைந்துதான் ஆக்சில் ராடு மறுபக்கம் போகிறது. இடைவெளி மிகவும் குறைவு. தண்ணீர் உள்ளே போனால் காய வழியில்லை, துரு பிடிக்கும். துரு, இரும்பை விட அதிக இடத்தை அடைக்கும். அதனால் ஆப்பு அடித்த மாதிரி ராடு இறுகி விடுகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் முங்கிய வண்டிகளில் பலர் என்ஜின் ஆயிலை மாற்றினார்கள். சக்கரத்தை கழற்றிப் பார்த்தவர்கள் குறைவு. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வெள்ளமே வேண்டாம், உப்புக் காற்றே போதும்.

முதலில் திருப்பணும், அப்புறம்தான் அடி

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் சமமான தரையில் நிறுத்துங்க. செயின் அட்ஜஸ்டரை தளர்த்தி, சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையை செருகுங்க. இல்லாவிட்டால் சக்கரத்தின் கனமும் செயினின் இழுப்பும் ராடின் மேலேயே இருக்கும்.

துரு நீக்கும் ஸ்பிரேயை ராடின் இரண்டு முனையிலும், சக்கரத்துக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் உள்ள இடுக்கிலும் அடிக்க வேண்டும். ஸ்பிரே இல்லையா, டீசல் விடலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. அரை மணிக்கு ஒரு முறை விட்டு, முடிந்தால் ராத்திரி முழுக்க ஊற விடணும். பிரேக் டிரம் பக்கம் மட்டும் ஜாக்கிரதை. பிரேக் ஷூவில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. உப்புத்தாள் போட்டு தேய்த்தாலும் நம்ப முடியாது. ஷூவை மாற்றி விடுவதே நல்லது.

ஊறியதும் ராடின் தலையில் ரிங் ஸ்பேனரை மாட்டி முன்னும் பின்னும் ஆட்டுங்க. (தலை திரும்பாதபடி தடுப்பு வைத்த வண்டியில் இதை செய்யாதீங்க.) ராடு சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால், அது பேரிங்கோடு ஒட்டிக் கொண்டு சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். இன்னும் ஊற வேண்டும்.

அடிக்கும் போது வெறும் மரை மேல் அடிக்கவே கூடாது. பழைய நட்டு ஒன்றை ராடின் முனைக்கு சமமாக ஏற்றி, அதன் மேல் கட்டை வைத்து நேராக அடிக்கணும். வண்டி சாயாமல் இன்னொருத்தர் பிடித்துக் கொள்வது அவசியம். நட்டு ஸ்விங் ஆர்மை தொட்டதும் அதை கழற்றி விட்டு, ராடை விட ஒல்லியான பித்தளை ராடு வைத்து தள்ளலாம். கூரான பஞ்ச் வைத்தால் முனை விரிந்து, உள்ளேயே சிக்கிக் கொள்ளும்.

சிலர் கேஸ் வைத்து சூடு காட்டுவார்கள். ஸ்பிரே அடித்த இடத்தில், பக்கத்திலேயே டயரும் மேலே பெட்ரோல் டேங்கும் இருக்கும் போது இது விபரீதம். அதற்கும் மேல் வரவில்லை என்றால், சக்கரத்துக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே ராடை அறுத்து எடுத்து, சக்கரத்தை லேத் பட்டறைக்கு கொண்டு போய் பிரஸ்சில் தள்ளுவதுதான் வழி. ராடு போனால் போகட்டும், ஸ்விங் ஆர்ம் தப்பிக்கும்.

பட்டறையில் ராடு செய்யாதீங்க

பணம் மிச்சம் என்று லேத்தில் சாதாரண இரும்பு ராடை கடைந்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி ராடு உறுதியான தனி எஃகு. சாதாரண இரும்பு பாரம் தாங்காமல் வளையும், ஓட்டத்தில் உடையவும் செய்யும். புதுப்பேட்டையில் பழைய ராடு வாங்கினாலும் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்க. தத்தினால் அது வளைந்த ராடு. அடி வாங்கிய பேரிங்கையும் கையோடு மாற்றி விடணும்.

திரும்ப மாட்டும் போது ராடை உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிசாக கிரீஸ் தடவுங்க. இரண்டு பக்க அட்ஜஸ்டரிலும் கோடு ஒரே அளவில் இருக்கணும். ஸ்பிளிட் பின் இருந்தால் புதுசு போடணும். பிரேக் பிளேட்டை பிடித்திருக்கும் ஸ்டே ராடின் போல்ட்டை மறந்தால், பிரேக் போட்டதும் பிளேட் சுற்றி சக்கரம் பூட்டிக் கொள்ளும். ஆளே போய் விடலாம்.

அடுத்த முறை பஞ்சருக்கு சக்கரம் கழற்றும் போது, "அண்ணே, ராடுல கொஞ்சம் கிரீஸ் வெச்சிடுங்க" என்று கேட்டு வாங்குங்க. கடையில் கிரீஸ் டப்பா கைக்கு எட்டுகிற இடத்திலேதான் இருக்கும்.